பார்த்ததா, கேட்டதா, ஊகமா? லூயிஸ் - கிளார்க் பயணத்தை வரைபடங்களையும் அருங்காட்சியகப் பொருள்களையும் வைத்துக் கற்பிக்க ஒரு முழு வழிகாட்டி

அமெரிக்க எல்லைப்புறப் பயணங்கள் என்ற பாடம் வந்தால் பெரும்பாலான வகுப்புகளில் நடப்பது இதுதான். சுவரில் ஒரு வரைபடம், செயின்ட் லூயிஸிலிருந்து பசிபிக் கடல் வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு, கோட்டின் மேல் நான்கைந்து தேதிகள், தேர்வில் அதே தேதிகள். மாணவர்கள் மனப்பாடம் செய்து எழுதிவிடுவார்கள். ஆனால் பசிபிக் வரை வழி தேட ஜனாதிபதி ஜெஃபர்சன் அனுப்பிய மெரிவெதர் லூயிஸ், வில்லியம் கிளார்க் குழு 1804 மே 14 அன்று கிளம்பியபோது அவர்கள் கையில் அந்தக் கோடு கிடையாது. வழியெல்லாம் அங்கே ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்தவர்களைக் கேட்டுக் கேட்டுத்தான் போனார்கள். சிவப்புக் கோட்டை முதலிலேயே காட்டிவிட்டால் இந்த விஷயம் முழுக்க மறைந்துபோகும்.

அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகிறது: இதை வரைந்தவருக்கு, இதை எழுதியவருக்கு, இது எப்படித் தெரிந்தது? நேரில் பார்த்ததா, யாரிடமாவது கேட்டதா, ஊகமா? வரைபடத்துக்கும் இதே கேள்விதான், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருளுக்கும் இதே கேள்விதான். பத்து வயதிலிருந்து பதினான்கு வயது வரை உள்ளவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். ஆறேழு பாடவேளை தேவைப்படும், ஒரே வாரத்தில் முடிக்க வேண்டும் என்று அவசியமில்லை.

1. எதையெல்லாம் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும்

இரண்டு வரைபடங்கள் கட்டாயம். முதலாவது, 1803இல் நிக்கோலஸ் கிங் என்பவர் இந்தப் பயணத்துக்காகவே வரைந்து கொடுத்தது. அப்போது கிடைத்த பல வரைபடங்களை ஒன்றுசேர்த்து ஒரே தாளில் கொண்டுவந்திருக்கிறார். அதன் மேல் பழுப்பு மையில் லூயிஸ் எழுதிய குறிப்புகளும் உண்டு, இன்று அது அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. இரண்டாவது, கிளார்க் வரைந்த பெரிய கையெழுத்து வரைபடத்திலிருந்து செதுக்கி 1814இல் அச்சான வரைபடம். இரண்டும் இணையத்தில் நல்ல தரத்தில் கிடைக்கின்றன. ஏ3 தாளில் பிரிண்ட் எடுங்கள், ஏ4இல் எழுத்துகள் எறும்பு ஊர்வதுபோல் ஆகிவிடும். இவை தவிர டிரேசிங் பேப்பர், மூன்று நிறப் பென்சில்கள், ஒரு தட்டு மணல், கொஞ்சம் நீலக் கண்ணாடி மணிகள்.

பயணிகளின் நாட்குறிப்புகள் முழுவதும் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத் தளத்தில் தேதி வாரியாகப் படிக்கக் கிடைக்கின்றன. மொத்தத்தையும் படிக்க உட்கார்ந்துவிடாதீர்கள், கீழே சொல்லும் நாள்களை மட்டும் எடுத்தால் போதும். கிளார்க்கின் எழுத்துப்பிழைகள் புகழ்பெற்றவை, மாணவர்களுக்கு அதில் ஒரு தனி சந்தோஷம் கிடைக்கும்.

2. முதல் வகுப்பு: வெற்றிடத்தைப் பார்ப்பது

கிங் வரைபடத்தைக் கொடுத்துவிட்டு ஐந்து நிமிடம் நீங்கள் எதுவும் பேசாமல் இருங்கள். கஷ்டம்தான், ஆனாலும் இருங்கள். பெயர், ஆண்டு, கதை எதுவும் வேண்டாம். பார்த்து எழுதச் சொல்லுங்கள், அவ்வளவுதான். சீக்கிரமே யாராவது ஒருவர், "நடுவில் ஒன்றுமே இல்லையே?" என்று கேட்பார். அங்கிருந்து தொடங்கலாம்.

மேற்குக் கரையோரம் ஓரளவு தெளிவாக இருக்கிறது, ஏனென்றால் கப்பல்கள் அங்கே போயிருந்தன. கொலம்பியா ஆற்றின் முகத்துவாரத்துக்குள் 1792இலேயே ராபர்ட் கிரே நுழைந்துவிட்டார். கிழக்குப் பக்கம் மிசூரி ஆறு, இன்றைய வட டகோட்டாவில் வாழ்ந்த மாண்டன் பழங்குடி மக்களின் ஊர்கள் வரை தெரிகிறது, வணிகர்கள் அங்கே போய்வந்துகொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில்தான் ஊகம். ராக்கி மலைகள் ஒல்லியான ஒரே ஒரு வரிசையாக நிற்கின்றன. மிசூரியின் தலைப்பிலிருந்து அந்த ஒரு மலையைத் தாண்டினால் கொலம்பியாவில் படகை இறக்கிவிடலாம் என்ற நம்பிக்கை அப்போது இருந்தது. 1803 ஜூன் 20 அன்று ஜனாதிபதி ஜெஃபர்சன் லூயிஸுக்கு எழுதிய உத்தரவிலும் வணிகத்துக்கு ஏற்ற நீர்வழியைத் தேடுவதுதான் முக்கிய வேலையாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

இப்போது மூன்று நிறங்களைக் கையில் எடுக்கச் சொல்லுங்கள். நேரில் பார்த்து வரைந்ததாகத் தோன்றும் இடங்கள் பச்சை, கேள்விப்பட்டு வரைந்ததாகத் தோன்றுவது மஞ்சள், ஊகம் சிவப்பு. இதில் சரி தவறு கிடையாது, ஆனால் ஒவ்வொரு நிறத்துக்கும் காரணம் சொல்ல வேண்டும். "கோடு ரொம்ப நேராக இருக்கிறது, ஆறு அப்படி ஓடாது" என்று ஒரு மாணவர் சொன்னால் நீங்கள் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

அந்த வெற்றிடத்தைப் பற்றி ஒரு விஷயத்தை அன்றே சொல்லிவிடுவது நல்லது. அது ஆள் இல்லாத இடம் இல்லை, வரைந்தவருக்குத் தெரியாத இடம். மாண்டன், ஹிடாட்சா ஊர்களில் மட்டும் பல ஆயிரம் பேர் மண்வீடுகளில் வாழ்ந்தார்கள், சோளம் பயிரிட்டார்கள், தூரத்து மக்களெல்லாம் அங்கே வந்து பண்டமாற்று செய்தார்கள். இதை விளக்கமாகச் சொற்பொழிவு செய்ய வேண்டாம், அடுத்த வகுப்பு தானே இதைக் காட்டிக்கொடுக்கும்.

3. மணலில் வரைந்த வரைபடம்

என்னைக் கேட்டால் முழுப் பாடத்திலும் சிறந்த வகுப்பு இதுதான். நேரம் இல்லாவிட்டால் மற்றதைக் குறையுங்கள், இதைக் குறைக்காதீர்கள்.

1805 ஆகஸ்ட் 14 நாட்குறிப்பை எடுங்கள். ராக்கி மலைப் பகுதியில் வாழ்ந்த ஷோஷோனி மக்களின் தலைவர் கமியாவெய்ட்டிடம் லூயிஸ் வழி கேட்கிறார். அவர் தரையில் ஆறுகளைக் கோடு கிழித்துக் காட்டுகிறார், இருபுறமும் மணலைக் குவித்து வைத்து, இவை என்றும் பனி மூடிய பெரும்பாறை மலைகள் என்கிறார். அதாவது அந்த ஆற்றுவழியில் போக முடியாது. இரண்டு நாள் முன்புதான் லெம்ஹி கணவாய் உச்சியில் ஏறி நின்று, மேற்கே இன்னும் வரிசை வரிசையாக மலைகள் இருப்பதை லூயிஸ் கண்ணால் பார்த்திருந்தார். கிங் வரைபடத்தின் ஒற்றை மலைவரிசை அந்த வாரத்தில் உடைந்துபோனது.

வகுப்பில் செய்ய வேண்டியது: இருவர் இருவராகப் பிரியுங்கள். ஒருவர் தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வழியை மணல் தட்டில் விரலாலும் குவியலாலும் மட்டும் காட்ட வேண்டும், எழுத்து கூடாது, பொதுவான மொழியும் கூடாது, சைகை மட்டும். மற்றவர் பார்த்துவிட்டு அதைத் தாளுக்கு மாற்ற வேண்டும். பிறகு இரண்டையும் ஒப்பிடுங்கள். என்ன தொலைந்தது? தூரமா, திசையா, "இங்கே கஷ்டம்" என்ற எச்சரிக்கையா? கமியாவெய்ட் சொன்னது லூயிஸிடம் எத்தனை வாய் மாறி வந்திருக்கும் என்று அப்போது புரியும். மூன்று நாள் கழித்து, குழுவோடு பயணம் செய்த ஷோஷோனிப் பெண் சகாகவியா வந்துசேர்ந்த பிறகுகூட அவர் ஷோஷோனியிலிருந்து ஹிடாட்சாவுக்கு, அவர் கணவர் ஷார்பனோ ஹிடாட்சாவிலிருந்து பிரெஞ்சுக்கு, குழுவில் பிரெஞ்சு தெரிந்த ஒருவர் அதை ஆங்கிலத்துக்கு என்று ஒரு சங்கிலியே தேவைப்பட்டது. (கமியாவெய்ட் சகாகவியாவின் சகோதரர் என்பது அப்போதுதான் தெரியவந்தது. மாணவர்கள் இதைக் கேட்டால் கொஞ்ச நேரம் வகுப்பு உங்கள் கையில் இருக்காது, பரவாயில்லை.)

இது ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். 1805 ஜனவரி 7 அன்று மாண்டன் தலைவர் ஷெஹேக்கே சாப்பிட வந்தவர், மலைகள் வரைக்குமான நாட்டை கிளார்க்குக்கு வரைந்து கொடுத்தார். அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று நெஸ் பெர்ஸ் தலைவர் ட்விஸ்டட் ஹேர் வெள்ளை எல்க் மான்தோலில் ஆற்றை வரைந்து காட்டினார். 1804 இலையுதிர்காலத்தில் குழுவோடு சேர்ந்து பயணம் செய்த அரிகாராத் தலைவர் டூ நே வரைந்த வரைபடம் ஒன்று பாரிஸில் பிரெஞ்சு தேசிய நூலகத்தில் இன்றும் இருக்கிறது. அதைக் காட்டும்போது வடக்கு எங்கே என்று தேடாமல், எது பெரிதாக வரையப்பட்டிருக்கிறது, ஏன் என்று கேளுங்கள்.

4. ஆறு இரண்டாகப் பிரிகிறது, எந்தப் பக்கம்?

1805 ஜூன் தொடக்கத்தில் குழு எதிர்பாராத ஒரு கூடலுக்கு வந்து சேர்ந்தது. வடக்கிலிருந்து ஒரு ஆறு, தெற்கிலிருந்து ஒரு ஆறு. எது மிசூரி? ஹிடாட்சா மக்கள் சொன்ன விவரத்தில் இந்தப் பிரிவே இல்லை. தவறான பக்கம் போனால் மலையைத் தாண்டும் முன்பே குளிர்காலம் வந்துவிடும்.

மாணவர்களுக்கு ஆதாரங்களை மட்டும் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள். வடக்குக் கிளை கலங்கலாக, இத்தனை நாள் அவர்கள் ஏறிவந்த மிசூரி போலவே இருக்கிறது. தெற்குக் கிளை தெளிவாக, வேகமாக ஓடுகிறது, அடியில் உருண்டையான வழுவழுப்பான கற்கள். மலைக்குப் போகும் வழியில் ஒரு பெரிய அருவி இருப்பதாக ஹிடாட்சா மக்கள் சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவுதான். குழுக்களாகப் பேசி வாக்களிக்கட்டும், காரணத்தையும் எழுதட்டும்.

பிறகு நடந்ததைச் சொல்லுங்கள். ஆட்கள் ஏறக்குறைய எல்லோரும் வடக்குதான் என்றார்கள். லூயிஸும் கிளார்க்கும் மட்டும் தெற்கு என்றார்கள்: மலையிலிருந்து இறங்கும் ஆறு தெளிவாகத்தானே இருக்கும், கலங்கல் ஆறு நீண்ட சமவெளியைக் கடந்து வந்திருக்க வேண்டும். சில நாள் இரண்டு கிளைகளிலும் போய்ப் பார்த்த பிறகும் ஆட்களின் மனம் மாறவில்லை, ஆனாலும் தலைவர்கள் பின்னால் போகச் சம்மதித்தார்கள். ஜூன் 13 அன்று லூயிஸ் அருவியைக் கண்டார். ஹிடாட்சா மக்களிடம் கேட்ட செய்தி, கூழாங்கல்லில் பார்த்தது, அதிலிருந்து ஊகித்தது, மூன்றும் ஒரே முடிவில் சேர்ந்த இடம் இது. வடக்குக் கிளைக்குத்தான் லூயிஸ் மரையாஸ் என்று பெயர் வைத்தார்.

"பெரும்பான்மை சொன்னது தவறாகிவிட்டதே, அப்படியானால் தலைவர்கள் சொல்வதைக் கேட்பதுதான் சரியா?" என்று ஒரு மாணவராவது கேட்பார். விடை சொல்லி மூடிவிடாதீர்கள். அதே ஆண்டு நவம்பர் 24 அன்று, குளிர்காலத்தை எங்கே கழிப்பது என்று எல்லோரிடமும் கருத்து கேட்டு எழுதிய பட்டியலைக் காட்டுங்கள். கிளார்க்கின் அடிமையாக இருந்த யார்க் சொன்னதும், சகாகவியா சொன்னதும் அதில் பதிவாகியிருக்கின்றன.

5. இரண்டாவது வரைபடம்

இப்போது 1814 வரைபடத்தைக் கொடுங்கள். டிரேசிங் பேப்பரில் மிசூரி, கொலம்பியா, மலைகள் ஆகியவற்றை மட்டும் நகல் எடுத்து கிங் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அளவு முழுதாகப் பொருந்தாது, முகத்துவாரங்களை ஒட்ட வைத்தால் போதும். ஒற்றை மலைவரிசை பல வரிசைகளாக விரிந்திருப்பது சட்டென்று தெரியும். வெறுமையாக இருந்த நடுப்பகுதியில் மக்களின் பெயர்களும், அவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்ற கணிப்பும்கூட வந்திருக்கும்.

மூன்று நிறப் பயிற்சியை இதிலும் செய்யுங்கள், இங்கேதான் அது ருசிக்கிறது. இந்தக் குழுவில் முன்பு இருந்த ஜான் கால்டர் 1807இல் போன வழி இதில் குறிக்கப்பட்டிருக்கிறது, கிளார்க் அந்த வழியில் போனதே இல்லை, ஆக மஞ்சள். தென்மேற்கில் மல்ட்னோமா என்று ஒரு ஆறு மிக நீளமாக ஓடுகிறது. இன்று அதற்கு வில்லமெட் என்று பெயர், உண்மையில் அவ்வளவு நீளம் இல்லை. கிளார்க் 1806 ஏப்ரலில் அங்குள்ள மக்கள் சொல்லித்தான் அந்த ஆற்றைப் பற்றித் தெரிந்துகொண்டார், கொஞ்ச தூரம் மட்டும் உள்ளே போய்ப் பார்த்தார், மிச்சத்தைத் தானே நீட்டிவிட்டார். ஒரே ஆற்றில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் வரிசையாக வருகின்றன. இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

பெரிய வகுப்பாக இருந்தால் மூன்றாவது அடுக்கு ஒன்றும் சேர்க்கலாம். 1906-07இல் மாண்டன் இனத்தைச் சேர்ந்த சிட்டிங் ராபிட் மிசூரிக் கரையோர ஊர்களை வரைந்தார், அது வட டகோட்டா மாநில வரலாற்றுச் சங்கத்தில் இருக்கிறது. அதையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 1953இல் கேரிசன் அணை ஆற்றை மறித்த பிறகு அந்தப் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி நீருக்குள் போய்விட்டது. அந்த ஏரியின் பெயர் சகாகவியா ஏரி.

6. பொருள்களைப் படிப்பது

ஒரு பொருளை எடுத்தால் அதன் பெயரைச் சொல்லாமல் தொடங்குங்கள். முதலில் கண்ணால் தெரிவது: எதனால் செய்தது, எங்கே தேய்ந்திருக்கிறது, எந்தக் கை எங்கே பிடித்திருக்கும். அடுத்து, யார் செய்தார், யார் வைத்திருந்தார். கடைசியாக, இன்று அது இருக்கும் இடத்துக்கு எப்படி வந்தது. பலரும் மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள், ஆனால் "எப்படித் தெரியும்?" என்ற கேள்வி முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. குழுவுக்கு ஒரு பொருள் போதும்.

கிளார்க்கின் திசைகாட்டி: ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. பிலடெல்ஃபியாவில் தாமஸ் விட்னி என்ற கருவி செய்பவரிடம் லூயிஸ் 1803இல் 5 டாலருக்கு வாங்கிய வெள்ளி முலாம் பூசிய திசைகாட்டி. பயணத்துக்குப் பிறகு கிளார்க் அதை ஒரு ராணுவ நண்பருக்குக் கொடுத்தார், அந்தக் குடும்பம் 1933இல் அருங்காட்சியகத்துக்கு அளித்தது. செலவுக் கணக்கு ஒரு பக்கம், குடும்பம் கைமாற்றி வந்த வரலாறு இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்தால் ஆதாரம் எவ்வளவு உறுதியாகிறது என்று மாணவர்களே சொல்லட்டும்.

சமாதானப் பதக்கம்: வழியில் பழங்குடித் தலைவர்களுக்குப் பயணிகள் கொடுத்தது. ஒரு பக்கம் ஜெஃபர்சனின் முகம், மறுபக்கம் கைகுலுக்கும் இரண்டு கைகள், குறுக்காக வைத்த புகைக்குழாயும் கோடரியும். பெரியது, நடுத்தரம், சிறியது என்று அளவு உண்டு, யாருக்கு எது என்பதைப் பயணிகள்தான் முடிவு செய்தார்கள். கொடுத்தவருக்கு அது, இனி இவர்களுக்குத் தலைவர் வாஷிங்டனில் இருக்கிறார் என்ற அறிவிப்பு. வாங்கியவருக்கும் அதே பொருள்தானா? இதை ஒரு முழு விவாதமாகவே நடத்தலாம்.

தொப்பி: ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்தில் திமிங்கில வேட்டைக் காட்சி பின்னிய, உச்சியில் குமிழ் வைத்த கூடைத் தொப்பி இருக்கிறது. இப்படி வேட்டையாடியவர்கள் வடக்கே இருந்த மக்கா, நூ-சா-நுல்த் மக்கள். பயணிகள் குளிர்காலம் தங்கிய கிளாட்சாப் பகுதியின் மக்கள் கரை ஒதுங்கிய திமிங்கிலத்தைத்தான் பயன்படுத்தினார்கள். அப்படியானால் அந்தத் தொப்பி வடிவம் வணிகத்தில் கடற்கரையோரமாக இறங்கி வந்திருக்க வேண்டும். 1806 பிப்ரவரி 22 நாட்குறிப்பையும் சேர்த்துப் படியுங்கள்: லூயிஸும் கிளார்க்கும் தலை அளவு கொடுத்துச் செய்யச் சொன்ன தொப்பிகளைக் கிளாட்சாப் பெண்கள் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

இந்தச் சேகரிப்புக்கு இன்னொரு கதை உண்டு. பயணத்தின் பொருள்கள் பல முதலில் பிலடெல்ஃபியாவில் சார்லஸ் வில்சன் பீலின் தனியார் அருங்காட்சியகத்துக்குப் போயின. அது கலைந்தபோது பொருள்கள் விற்கப்பட்டுப் பிரிந்தன, ஒரு பகுதி பாஸ்டன் வழியாக 1899இல் பீபாடிக்கு வந்தது. நடுவில் சீட்டுகள் தொலைந்தன, மாறின. அதனால் எது உண்மையிலேயே அந்தப் பயணத்தில் வந்தது, எது வேறு யாரோ கொடுத்தது என்று ஆய்வாளர்கள் மறுபடி அலசவேண்டியதாயிற்று. "அருங்காட்சியகத்தில் எழுதியிருந்தது" என்பதும் ஒரு மஞ்சள் நிறம்தான் என்று மாணவர்களுக்கு இங்கே தெரிந்துவிடும்.

நீல மணிகள்: கையில் தொட்டுப் பார்க்கக் கொடுக்கக்கூடிய ஒரே பொருள். பசிபிக் கரையில் நீல மணிக்குத்தான் மதிப்பு. 1805 நவம்பர் 20 அன்று ஒரு கடல் நீர்நாய்த் தோலாடைக்கு ஆசைப்பட்டு, சகாகவியா அணிந்திருந்த நீல மணி இடுப்புப்பட்டையைக் கொடுத்துத் தலைவர்கள் அதை வாங்கினார்கள். மறுநாள் அவருக்கு ஒரு நீலத்துணிக் கோட்டு கொடுத்தார்கள். இந்தப் பேரத்தை யார் பக்கத்திலிருந்து எழுதினால் எப்படி இருக்கும் என்று எழுதச் சொல்லுங்கள்.

7. அருங்காட்சியகத்துக்கு நேரில் போனால்

ஐம்பது காட்சிப் பெட்டிகளையும் ஓட்டமாகப் பார்க்க வைப்பதைவிட ஒரு மாணவருக்கு இரண்டு பொருள் என்று பிரித்துக் கொடுத்து, ஒவ்வொன்றின் முன்னும் இருபது நிமிடம் உட்கார வைப்பது நல்லது. முதலில் விளக்கச் சீட்டைப் படிக்காமல் வரைய வேண்டும், வரைந்த பிறகுதான் படிக்க வேண்டும். கூடவே ஒரு வேட்டை: காட்சியில் யார் இல்லை? சகாகவியாவின் முகத்தையோ யார்க்கின் முகத்தையோ அவர்கள் காலத்தில் வரைந்த படம் எதுவும் நம்மிடம் இல்லை, இன்று பார்க்கும் சிலைகளும் நாணயமும் பிற்காலக் கற்பனை. பயணம் முடிந்ததும் வீரர்களுக்கு இரட்டைச் சம்பளமும் 320 ஏக்கர் நிலமும் கிடைத்தன, யார்க்குக்கு எதுவும் இல்லை.

எங்கே போகலாம் என்றால், செயின்ட் லூயிஸில் மிசூரி வரலாற்று அருங்காட்சியகத்தில் கிளார்க்கின் எல்க் தோல் அட்டை நாட்குறிப்பு இருக்கிறது. வட டகோட்டாவின் நைஃப் ரிவர் பகுதியில் மண்வீடுகள் இருந்த இடத்தின் வட்டப் பள்ளங்களை நடந்தே பார்க்கலாம். பயணிகள் குளிர்காலம் தங்கிய ஃபோர்ட் கிளாட்சாப்பில் இன்று நிற்பது பிற்காலத்தில் கட்டிய மாதிரிக் கோட்டை, அதைப் போகும் முன்பே சொல்லிவிடுங்கள். நேரில் போக முடியாதவர்கள் இணையப் படங்களில் இதே வேலையைச் செய்யலாம், ஜூம் செய்து பார்க்கும் வசதி கண்ணாடிப் பெட்டிக்கு இல்லை. சடங்குப் பொருள்கள் சிலவற்றை அருங்காட்சியகங்கள் காட்சிக்கு வைப்பதில்லை, 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பலவற்றை உரிய மக்களிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். காலியாக இருக்கும் இடமும் பாடத்தில் சேர்ந்ததுதான்.

இறகுத் தொப்பி மாட்டி நடிப்பது, பழங்குடி மக்களைப் போல் வேஷம் போடுவது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். இன்று மாண்டன், ஹிடாட்சா, அரிகாரா மக்கள் மூவரும் சேர்ந்த தேசம் வட டகோட்டாவில் இருக்கிறது, தங்கள் வரலாற்றைத் தாங்களே சொல்கிறார்கள். அவர்கள் வெளியிடும் விளக்கங்களை வகுப்பில் வாசியுங்கள்.

8. மதிப்பீடு

தேதித் தேர்வு வேண்டாம். ஒவ்வொருவரும் ஒரு பொருளுக்கோ ஒரு வரைபடப் பகுதிக்கோ அறுபது சொல்லுக்குள் ஒரு விளக்கச் சீட்டு எழுதட்டும். ஒவ்வொரு வாக்கியத்தின் கீழும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு அடிக்கோடு. மதிப்பெண் அழகான நடைக்கு இல்லை, நிறம் சரியாக விழுந்திருக்கிறதா என்பதற்கு. எல்லாம் பச்சையாக ஒரு சீட்டு வந்தால் திருப்பிக் கொடுத்து, எந்த வாக்கியத்துக்கு எந்த ஆதாரம் என்று பக்கத்தில் எழுதி வரச் சொல்லுங்கள். சிறியவர்களுக்கு மூன்று வாக்கியம் போதும். பெரியவர்களுக்கு இன்னொன்று சேர்க்கலாம்: அதே பொருளுக்கு, அதைச் செய்தவரின் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் எழுதினால் எந்த வாக்கியத்தை முதலில் வைப்பார், எதை நீக்குவார் என்று ஒரு பத்தி.